சொல் கழுவுகிறவர்

கயிற்றுக்கடையின் மாடிப்படி செங்குத்தானது. பாதியில் அத்தான் நின்று சுவரில் கை ஊன்றி மூச்சு வாங்கினார்.

"மச்சான், மேல போனதும் நீ வாயே திறக்காதே. நீ பேசினா காரியம் கெட்டுடும்."

நான் வெங்காய மண்டி வைத்திருப்பவன். பேசாமல் ஒரு மூட்டை விற்றதில்லை. இருந்தாலும் சரி என்றேன். பெண்ணின் தாய்மாமன் என்று ஒருத்தன் சபையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். எடைக்கல் தராசில் பேசவா செய்கிறது?

எங்களுக்கு முன்னால் அத்தானின் மகள் ஏறிக்கொண்டிருந்தாள், இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தையோடு. நாலு மாதத்துக்கு முன் இதே படியில் பெட்டியோடும் குழந்தையோடும் இறங்கி அப்பா வீட்டுக்கு வந்துவிட்டவள். புருஷன் வீட்டுக்குத் திரும்புகிறாளா இல்லையா என்று இன்று பேசி முடிக்க வேண்டும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேச, வழக்கம்போல, அத்தான்தான்.

அத்தான் துறைமுகச் சந்தையில் தரகர். எங்கள் சந்தையில் ஐந்தாறு பாஷை புழங்கும். எண்ணுவது ஒரு பாஷையில், திட்டுவது இன்னொன்றில், சத்தியம் பண்ணுவது மட்டும் அவரவர் பாஷையில். சுமை தூக்குகிறவனிலிருந்து கப்பலுக்குச் சொந்தக்காரன் வரை எல்லோருக்கும் எல்லாமே கொஞ்சம் புரியும். ஆனால் பேரம் என்று உட்கார்ந்துவிட்டால் யாருக்கும் எதுவும் புரியாது. அதுதான் சந்தை மரியாதை. அவரவர் தன் பாஷையில் சொல்லுவார், நடுவில் தரகர் எடுத்துக் கொடுப்பார். 'இவன் அப்பனும் திருடன், இவனும் திருடன்' என்று ஒருவர் சொன்னால் தரகர் இந்தப் பக்கம் திரும்பி, 'விலை கொஞ்சம் தூக்கலா இருக்கேன்னு யோசிக்கிறாரு' என்பார். திருடன் என்ற சொல் இவன் காதில் நேராகவே விழுந்திருக்கும். விழட்டும். தரகர் கழுவிக் கொடுத்ததைத்தான் அவன் வாங்கிக்கொள்ள வேண்டும். பாதிக் கொலைகள் எங்கள் சந்தையில் நடக்காமல் போனது இப்படிக் கழுவிக் கழுவித்தான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பேரம் முறிந்தால் தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். முறியாமலும் படியாமலும் நின்றால் துண்டைச் சரக்கின் மேலேயே விட்டுவிட்டுப் போவார். துண்டு கிடக்கிற சரக்கை வேறு எவனும் தொடமாட்டான்.

அத்தானுக்கு ஆறு பாஷை தெரியும் என்று சந்தையில் பெருமையாகச் சொல்லுவார்கள். என் அக்கா உயிரோடு இருந்தபோது அதைக் கேட்டுச் சிரிப்பாள். "ஆறு பாஷையில விலை கேப்பாரு. வீட்டுக்கு வந்தா ஒரு பாஷையிலயும் பேச மாட்டாரு."

மாடி அறையில் கயிறும், படகுக்குப் பூசுகிற கீலெண்ணெயும் கலந்த வாசனை. நீள மேஜையின் அந்தப் பக்கம் கயிற்றுக்கடை அம்மா, மாப்பிள்ளையின் தாயார், மடியில் நூல்கண்டோடு உட்கார்ந்து நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கதவருகே நின்றார். நல்லவர். அதற்குமேல் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. குழந்தை இறங்கி, மூலையில் கிடந்த கயிற்றுச் சுருளுக்குள் போய், கூட்டில் உட்காருவதுபோல உட்கார்ந்துகொண்டது.

பிரச்சினை அந்தக் குழந்தைதான். இன்னும் பேச்சு வரவில்லை. விரலை நீட்டினால் பொருள் வரும் என்று தெரிந்துவைத்திருக்கிறது. அந்த வகையில் நல்ல வியாபாரி. டாக்டர் பொறுங்கள் என்றார். கயிற்றுக்கடை அம்மா பொறுக்கவில்லை. ஒரு வாசலில் இரண்டு தடியர்கள் ஒரே நேரத்தில் நுழையப் பார்த்தால் இரண்டு பேரும் மாட்டிக்கொள்ளத்தான் செய்வார்கள், குழந்தை வாயில் இரண்டு பாஷையும் அப்படித்தான், இந்த வீட்டுக்குள் இனி எங்கள் பாஷை மட்டும்தான் என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை தலையாட்டினார். பெண்ணுக்கு அவர்கள் பாஷை தெரியும். பால்காரனோடு சண்டை போடும் அளவுக்குக்கூடத் தெரியும். ஆனால் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டால் அந்தப் பாஷை நாக்கில் நிற்கவில்லை. ஒரு வருஷம், குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டுக் குழந்தையோடு தமிழில் பேசியிருக்கிறாள். ஒருநாள் மாமியார் கதவைத் தட்டினார். அன்றைக்குத்தான் பெட்டி கட்டினாள்.

அம்மா தன் பாஷையில் ஆரம்பித்தார். எனக்கு நன்றாகவே புரிந்தது. நாலு மாதம் கதவைத் திறந்தே வைத்திருந்தேன், பேத்தி இந்த வீட்டுப் பிள்ளை, மருமகள் வரட்டும், வரும்போது தன் பாஷையைக் கீழே செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வரட்டும் என்றார்.

அத்தான் துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மகள் பக்கம் திரும்பினார். "பேத்தி இல்லாம வீடே வெறிச்சுன்னு இருக்காம்மா. எப்ப வரேன்னு கேக்கறாங்க. மத்ததெல்லாம் போகப் போகப் பாத்துக்கலாமாம்."

"செருப்போட கழட்டணும்னாங்களே, அது எங்கப்பா போச்சு?"

நூல் சுற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. பேரத்தில் யாரும் செய்யாததை அவள் செய்துவிட்டாள். தனக்குப் புரிந்தது என்று சொல்லிவிட்டாள்.

"அம்மாடி, எதை எப்படிச் சொல்லணும்னு அப்பாவுக்குத் தெரியும்."

"நான் வெங்காய மூட்டை இல்லப்பா. மாமா, நீங்க கோவிச்சுக்காதீங்க." அவள் குரல் உயரவில்லை, களைத்திருந்தது. "நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க. குழாயைத் திறந்துவிட்டுப் பேசினது போதும். எனக்கு மனசுல ஒட்டாத பாஷையில நான் இவளுக்குச் சோறு ஊட்டலாம், துணி மாத்தலாம். ஆயா மாதிரி. கொஞ்ச முடியல. வாயை மூடிட்டுத்தான் வரணும்னா நான் வரல. இதைச் சொல்லுங்க. கழுவாம சொல்லுங்க."

அத்தான் அந்தப் பக்கம் திரும்பினார். அவர்கள் பாஷையில், "இவள் சொல்கிறாள்..." என்று தொடங்கினார். நின்றுவிட்டார். மறுபடியும் தொடங்கினார். அந்தப் பாஷையில் அவரிடம் ஈரச் சரக்கு இருந்தது, தள்ளுபடி இருந்தது, நாளைக்குக் கப்பல் புறப்படுகிறது என்பது இருந்தது. கொஞ்சுவதற்கு அவரிடம் சொல் இல்லை. எந்த வியாபாரியும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. ஊமை கண்ட கனவுபோல உதடு மட்டும் அசைந்தது. பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். தமிழிலேயே சொன்னார்.

"அம்மா, அவ சொன்னது உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். எனக்கு எடுத்துச் சொல்ல வரல. களைப்பா இருக்கு."

கயிற்றுக்கடை அம்மா நூல்கண்டை மேஜையில் வைத்தார். அவர் தமிழ் பேசி எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. கல்யாணத்தன்றுகூடத் தலையை மட்டும் அசைத்தவர்.

"புரியும்," என்றார். மீன் கடையில் பொறுக்கிய தமிழ், வாக்கியம் முழுசாக வராத தமிழ். "நாப்பது வருஷம். மீன்காரி வேற எதுல பேசறா?" ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "உங்களுக்கு வெளிய தெரு இருக்கு. சந்தை இருக்கு. என் பையன், தூக்கத்துல உளறறான், அதுவும் உங்க பாஷை. எனக்கு இந்த ரூம் மட்டும். அவன் அப்பா போனதுல இருந்து இங்க நான் ஒருத்தி." பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியைக் காட்டினார். சம்பந்தி காலமான பிறகுதான் பேத்தி பிறந்தாள். "குழந்தை பேசும், எங்கூடப் பேசும்னு பாத்தேன்."

மாப்பிள்ளை முதல் தடவையாக நிமிர்ந்தார். தூக்கத்தில் உளறுவது அவருக்கே புதுச் செய்தி போலிருந்தது.

"அதுக்கு என் வாயை மூடணுமா?" என்றாள் பெண்.

"மூடத்தான் பாத்தேன்." அம்மா கண்ணைத் தாழ்த்தவில்லை. "வேற வழி தெரியல."

விலை இவ்வளவு பச்சையாகச் சொல்லப்பட்டு நான் கேட்டதில்லை. பொய் விலை சொன்னால் குறைத்துக் கேட்கலாம். இதை என்ன செய்வது?

பெண் நாற்காலியை இழுத்து மாமியாருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். திரும்பாமலே, "அப்பா, நீங்க கீழ போங்க. மாமா, நீங்களும்," என்றாள். மாப்பிள்ளை நகரவில்லை. "உங்களுக்கும்தான் சொன்னேன்," என்றாள்.

மூன்று ஆண்பிள்ளைகள் வரிசையாகப் படி இறங்கினோம். கடைக்கு வந்தவன் ஒருவன் கயிற்றின் முனையைப் பிடித்து இழுத்துப் பார்த்தபடி, "என்ன, எல்லாரையும் அம்மா துரத்திட்டாங்களா?" என்றான். வாசலில் பெண்ணின் செருப்பு கிடந்தது. அதன்மேல் ஏறி நிற்பதுபோல் குழந்தையின் சிறிய செருப்பு.

மேலே இரண்டு குரல்கள் கேட்டன. ஏறின, இறங்கின, ஒன்றை ஒன்று வெட்டின. எந்தப் பாஷை என்று தெரியவில்லை. வண்டிகள் போகிற தெரு. அத்தானின் கால் தானாகவே முதல் படியில் ஏறியது. நான் கையைப் பிடித்தேன்.

"அது ரெண்டும் அடிச்சுக்கும் மச்சான். நடுவுல ஒரு ஆள் வேணும்."

"வேண்டாம் அத்தான். நில்லுங்க."

அவர் பழக்கத்தில் தோளைத் தடவினார். தோள் வெறுமையாக இருந்தது.

"துண்டு மேலயே இருக்கு," என்றார்.

"விட்டுட்டு வந்தீங்களா, மறந்துட்டு வந்தீங்களா?"

மேலே குரல்கள் நின்றுவிட்டன. பேரத்தில் பயமான இடம் அதுதான். படிந்ததா, முறிந்ததா என்று அந்த நேரத்தில் தரகரின் முகத்தைப் பார்த்துத்தான் சந்தை தெரிந்துகொள்ளும். மாப்பிள்ளையும் நானும் அத்தான் முகத்தைப் பார்த்தோம். அவர் எங்களோடு தெருவில் நின்று, கண்ணுக்கு மேல் கையை மறைப்பாக வைத்து, மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.