சக்கரத்தில் செருப்பு

எங்கள் மலை ஏரியின் ஷட்டர் சக்கரத்தில் செருப்பு தொங்கினால், கீழே ஓடைப் பள்ளத்தில் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். ரப்பர் பூட்ஸுக்கு மாறி இறங்குகிறவன், கழற்றிய செருப்பை அதில் மாட்டிவிட்டுப் போவான். அதைப் பார்த்தால் யாரும் தண்ணீர் திறக்கமாட்டோம். புதிதாக டியூட்டிக்கு வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். ஒருமுறை இறங்கி ஏறினால் சரியாகிவிடும்.

குழாய் வாயில் அடைத்த சருகை எடுக்கப் போன விஜயனை ஆறு மாதம் முன்பு தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. செருப்பு மாட்டாமல் இறங்கிவிட்டான் என்று விசாரணையில் எழுதி மூடிவிட்டார்கள். அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

அவன் மனைவி புஷ்பா, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் அப்பா வீட்டில் இருந்தவள், போன வாரம் கப்பலில் வந்தாள். அவர் கிடந்த இடத்தைப் பார்க்கணும், கூட்டிப் போங்கண்ணே என்றாள். மறுக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அன்று டியூட்டியில் ஈஸ்வரன். விஜயன் போன அன்றைக்கு ஷட்டரைத் திறந்தவனும் அவன்தான். நாங்கள் எங்கள் இரண்டு ஜோடிச் செருப்பையும் மாட்டும்போது புஷ்பாவின் முகத்தை அவன் பார்க்கவே இல்லை.

பள்ளத்தில் பகலிலும் வெளிச்சம் கம்மி. இரண்டு பக்கமும் பாறைச் சுவர், மேலே கர்ஜன் மரங்கள். பிரம்பு முள் சட்டையைக் கிழித்தது. அட்டையைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே நடந்தோம்.

இடத்தைக் காட்டினேன். கையகலத் தண்ணீர், அவ்வளவுதான். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "தினமும் அவங்கள திட்டிக்கிட்டுதான் படுக்கிறேண்ணே. ஒரு செருப்ப மாட்ட மறந்து எங்கள இப்படி விட்டுட்டுப் போயிட்டாங்களேன்னு."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. தோள்பையைத் திறந்தேன். எங்கேயாவது வீசிவிடலாம் என்று ஆறு மாதமாகச் சுமந்து, வீசத் தைரியம் வராத செருப்பு. பொங்கலுக்கு அவள் விஜயனுக்கு வாங்கிக் கொடுத்தது.

"மாட்டிட்டுதாம்மா போனான். மழை வந்துச்சு. புதுச் செருப்பு, நனைய வேணாம்னு நான்தான் எடுத்து ரூமுக்குள்ள வெச்சேன். பெரார்கஞ்ச் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஈஸ்வரன்கிட்ட சொல்லாம ஓடிட்டேன்."

மறுநாள் விடியுமுன் வந்து செருப்பை ஒளித்ததையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். செருப்பை வாங்கி மடியில் வைத்து, முந்தானையால் துடைத்தாள். "என் வாயில விழுந்துட்டீங்களே" என்றாள். என்னிடம் அல்ல, அவனிடம்.

மேலே ஏறும்வரை அவள்தான் முன்னால் நடந்தாள். எங்கள் செருப்புகளை எடுத்தோம். சக்கரம் காலியானதும் விஜயனின் செருப்பை என்னிடம் நீட்டினாள்.

"நீங்களே மாட்டுங்கண்ணே."

மாட்டினேன். ஒன்று நழுவி விழுந்தது. எடுத்து மறுபடி மாட்டினேன்.

திறக்கும் நேரமாகியிருந்தது. ஈஸ்வரன் சாவியோடு வந்தான். எங்கள் காலைப் பார்த்தான், சக்கரத்தைப் பார்த்தான்.

"நீங்க ரெண்டு பேரும்தான் வந்துட்டீங்களே, இன்னும் கீழ யாரு?" என்று கேட்டான்.

புஷ்பா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"விஜயன்" என்றேன்.