ஏழுக்குக் கூட்டாளி

இரும்புலியூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கூட்டல் வாய்ப்பாடு சொன்னால் திருச்சிக்குப் போகும் ஜி.எஸ்.டி. ரோடு வரைக்கும் கேட்கும். லாரி போனால் கொஞ்சம் அமுங்கும். அது கடந்ததும் மறுபடி எழும்பும். பள்ளிக்கூடம் ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்பார் தலைமையாசிரியர் சத்தியநாதன்.

1967 ஜூனில் அந்த வகுப்பு தபீதாளிடம் வந்தது. ஆசிரியப் பயிற்சி முடித்து மூன்றாவது வருஷம். முதல் மாதக் கடைசியில் அவளுக்கு ஒரு சந்தேகம். வகுப்பிலேயே கணீரென்று வாய்ப்பாடு சொல்பவன் ஏசுபாதம். அவனை எழுப்பி, "ஆறும் நாலும் எத்தனைடா?" என்று கேட்டாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "ஆறும் ஒண்ணும் ஏழு, ஆறும் ரெண்டும் எட்டு, ஆறும் மூணும் ஒம்போது, ஆறும் நாலும் பத்து! பத்து டீச்சர்!"

"சரி. நாலும் ஆறும்?"

மறுபடி கண்ணை மூடினான். "நாலும் ஒண்ணும் அஞ்சு..."

தபீதாள் அவனை உட்காரச் சொன்னாள். இவனுக்குப் பாட்டுத் தெரிகிறது, எண் தெரியவில்லை என்று நினைத்தாள். அந்த நினைப்பு அன்று முழுக்க அவளை விடவில்லை.

மறுநாள் ரோட்டோரப் புளியமரங்களுக்கு அடியில் பொறுக்கிய கொட்டைகளோடு வந்தாள். வீட்டிலிருந்து கொட்டாங்குச்சிகளும் கொண்டுவந்தாள். பிள்ளைகளைத் தரையில் இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஒவ்வொரு ஜோடிக்கும் பத்துக் கொட்டையும் ஒரு கொட்டாங்குச்சியும் கொடுத்தாள். ஒருவர் கண்ணை மூட, மற்றவர் சில கொட்டைகளைக் கொட்டாங்குச்சிக்குள் ஒளிக்க வேண்டும். கண்ணைத் திறந்தவர் வெளியே இருப்பதைப் பார்த்து உள்ளே எத்தனை என்று சொல்ல வேண்டும். பிறகு தூக்கிப் பார்க்கலாம்.

"வெளியே ஏழு இருக்கு. ஏழுக்குக் கூட்டாளி யாரு?"

"மூணு!"

"எட்டுக்கு?"

"ரெண்டு!"

"அஞ்சுக்கு?"

சிலர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அஞ்சுக்கு அஞ்சேதான் டீச்சர். அதுக்கு வேற ஆளே இல்ல."

வகுப்பு சிரித்தது. சொன்னவள் கன்னியம்மா. அவள் அம்மா சரசு பல்லாவரம் கல்குவாரியில் ஜல்லி உடைப்பவள். தம்பியைப் பார்த்துக்கொள்வதற்காகக் கன்னியம்மா வாரத்தில் பாதி நாள் வரமாட்டாள். அதனால் வாய்ப்பாடு அவளுக்கு ஒட்டவேயில்லை. மற்றவர்கள் சொல்லும்போது வாயை மட்டும் அசைப்பாள். ஆனால் கொட்டாங்குச்சி விளையாட்டில் தூக்கிப் பார்ப்பதை முதலில் நிறுத்தியவள் அவள்தான். "எதுக்குத் தூக்கணும்? நாலுதான் கீது" என்று கையைக் கட்டிக்கொள்வாள்.

ஆகஸ்டில் குப்பன் என்ற பையன் ஒரு புளியங்கொட்டையை மூக்குக்குள் போட்டுக்கொண்டான். பியூனின் மூக்குப்பொடியைக் காட்டித் தும்மவைத்து அதை வெளியே வரவழைத்தார்கள். சத்தியநாதன் வேர்த்து விறுவிறுத்து வகுப்புக்கு வந்தார்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற மாதிரி ஆகியிருந்தா யார் பதில் சொல்றது? நீங்களா?"

"தப்புத்தான் சார். இனிமே கொட்டை வேண்டாம், பெரிய கல்லா கொண்டுவரேன்."

"கல்லும் வேண்டாம், குச்சியும் வேண்டாம். வாய்ப்பாடு சொல்லிக் குடுங்க. நாமெல்லாம் அப்படித்தானே படிச்சோம்? விரல்விட்டு எண்றதும் எனக்குப் பிடிக்கல. அதையும் நிறுத்துங்க."

"அப்ப விரலைக் கழட்டி வீட்டுலயே வெச்சிட்டு வரச் சொல்லட்டுமா சார்?"

அவர் முகம் சிவந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் அவரிடம் அப்படி யாரும் பேசியதில்லை. பியூனைக் கூப்பிட்டுக் கொட்டைகளையும் கொட்டாங்குச்சிகளையும் அள்ளி வெளியே கொட்டச் சொன்னார். அவர் போனதும் தபீதாள் கதவருகே இருந்த பிள்ளைகளை எண்ணி, பத்துப் பேரை எழுந்து நிற்கச் சொன்னாள்.

"இன்னிக்கு நீங்கதான் கொட்டை" என்றாள்.

பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். நாலு பேர் பீரோவுக்குப் பின்னால் ஓடினார்கள். ஆறு பேர் நின்றார்கள். சுவரைப் பார்த்து நிற்கவைத்திருந்த பையன் திரும்பி, "நாலு பேர் ஒளிஞ்சிக்கினாங்க" என்றான். பிள்ளைகளை எந்த உத்தரவும் அள்ளி வெளியே கொட்ட முடியாதல்லவா.

நவம்பரில் இன்ஸ்பெக்‌ஷன் என்று தகவல் வந்தது. சத்தியநாதன் தபீதாளைத் தன் அறைக்கு அழைத்தார். இந்தத் தடவை குரலை உயர்த்தவில்லை.

"வாய்ப்பாடு தெரியாத பிள்ளைங்க அன்னிக்கு வர வேண்டாம்னு சொல்லிடுங்க. வயித்துவலின்னு லீவு போட்டுக்கலாம். எல்லா ஸ்கூல்லயும் செய்யறதுதான். முக்கியமா அந்தக் குவாரிக்காரி பொண்ணு."

"அவளுக்கு வயித்துவலி இல்லையே சார்."

"டீச்சர், இது நம்ம ஸ்கூலுக்குக் கவர்மென்ட் குடுக்கற கிராண்ட் விஷயம்."

"நான் சொல்ல மாட்டேன்."

"அப்ப நான் சொல்லி அனுப்பிக்கறேன்" என்றார் அவர்.

அன்று சாயந்தரம் தபீதாள் ஏரிக்கரை வழியாகக் கன்னியம்மாவின் குடிசைக்குப் போனாள். சரசு அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, தலையிலிருந்த கல்தூசியை உதறிக்கொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் அவளுக்குப் பழைய கோபம் வந்தது.

"வா டீச்சர்மா. படிக்க அனுப்பிச்சா கொட்டை பொறுக்கி விளையாட வெக்கிறியாமே? அத்த இவ வூட்டுலயே செய்வாளே!"

"அதைப் பத்தி அப்புறம் சண்டை போடலாம் சரசு. நாளன்னிக்கு இன்ஸ்பெக்டர் வரார். உன் பொண்ணை அனுப்ப வேண்டாம்னு பியூன் வந்து சொல்லுவார். நீ அனுப்பு."

"ஏன், அவ வந்தா இன்னாவாம்?"

தபீதாள் மென்று விழுங்கவில்லை. "அவளுக்கு வாய்ப்பாடு வராது. வந்தா பேர் கெட்டுடும்னு பயப்படறாங்க."

சரசு முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். உள்ளே தம்பிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள்.

"எம்பொண்ணு மூஞ்சியக் காட்டினா அவங்க பேரு பூடுமா? மொத ஆளா வருவா பாரு. தலைக்கு எண்ணெ வெச்சு அனுப்பறேன்."

சொன்னபடியே அனுப்பினாள். கன்னியம்மா முன்வரிசையில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்து சத்தியநாதன் தபீதாளை முறைத்தார். அவளும் கண்ணை எடுக்கவில்லை.

டெபுடி இன்ஸ்பெக்டர் யக்ஞநாராயணன் ஒல்லியான மனிதர். ஏசுபாதத்தை வாய்ப்பாடு சொல்லச் சொல்லித் தலையாட்டினார். அடுத்து எண்ணெய் மின்னும் தலையைப் பார்த்து, "நீ சொல்லு" என்றார். கன்னியம்மா, "ஏழும் ஒண்ணும் எட்டு, ஏழும் ரெண்டும்..." என்று தொடங்கி நின்றுபோனாள். உதடு துடித்தது. அவர் பேனாவைத் திறந்து ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த பிள்ளையிடம் நகர்ந்தார்.

"சார், அவளை இன்னொண்ணு கேளுங்க" என்றாள் தபீதாள்.

"டீச்சர்!" என்றார் சத்தியநாதன்.

"என்ன கேக்கணும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பத்துப் பிள்ளைகளை நிக்க வெக்கறேன். அவ சுவரைப் பாத்து நிக்கட்டும். எத்தனை பேரை வேணும்னாலும் நீங்க பீரோவுக்குப் பின்னால ஒளிச்சு வைங்க. மிச்சப் பேரைப் பாத்து அவ சொல்லுவா."

அவர் மூன்று பேரை ஒளித்தார். கன்னியம்மா திரும்பினாள், எண்ணக்கூட இல்லை. "மூணு பேரு அங்க கீறாங்க."

எட்டுப் பேரை ஒளித்தார். "எட்டு." குரலில் இப்போது நடுக்கம் இல்லை.

இன்ஸ்பெக்டர் குறும்பாகப் பத்துப் பேரையும் பின்னால் அனுப்பினார். கன்னியம்மா திரும்பிக் காலியான இடத்தைப் பார்த்தாள். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அல்லாரையும் ஒளிச்சிட்டு யாரக் கேக்கற சார்? பத்தும் அங்கதான்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பீரோவுக்குப் பின்னாலும் சிரிப்பு கிளம்பியது. சத்தியநாதன் மட்டும் சிரிக்கவில்லை.

சிரித்தாரே தவிர, இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டுப் போனது வேறு: ஒன்றாம் வகுப்பில் கூட்டல் வாய்ப்பாட்டுப் பயிற்சி போதாது. ரிப்போர்ட்டில் அந்த விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தபீதாளுக்கு அது கசந்தது. சிரித்த மனிதர் ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?

வெள்ளிக்கிழமை சத்தியநாதன் சொன்னார். "திங்கட்கிழமையிலேர்ந்து நீங்க மூணாம் வகுப்பு. சரோஜினி டீச்சர் ஒண்ணாம் வகுப்பைப் பாத்துப்பாங்க."

"எனக்கு இஷ்டமில்ல சார்."

"இஷ்டம் கேக்கல."

திங்கட்கிழமை தபீதாள் ஒன்றாம் வகுப்புக்குள் போய்ப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துகொண்டாள். சரோஜினி டீச்சர் வாசலில் சங்கடத்தோடு நின்றாள்.

"எதுக்கு அக்கா வம்பு? மூணாம் வகுப்பும் பிள்ளைங்கதானே?" என்றாள் மெதுவாக.

"உன்மேல கோபமில்ல சரோஜா. இதுங்க பாதிவழியில இருக்கு. விட்டுட்டு வர மாட்டேன்."

சத்தியநாதன் வந்தார். தாளாளருக்கு எழுதப்போவதாகச் சொன்னார். வேலையே போகும் என்றார். "எழுதுங்க சார்" என்றாள் அவள். இரும்புலியூரை விட்டால் வேறு வேலை கிடைக்குமா என்று அவளுக்குத் தெரியாது. இருந்தும் எழுந்திருக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கன்னியம்மாவைக் கொண்டுவந்து விட சரசு வந்தாள். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டாள். உடனே திரும்பிப் போனாள். அரைமணி நேரத்தில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த குவாரிப் பெண்கள் சிலரோடு திரும்பி வந்தாள். எல்லாருடைய பிள்ளைகளும் அந்த வகுப்பில்தான். அன்றைய கூலி போனது போனதுதான்.

"இன்னா சார், டீச்சர மாத்தறியாமே?"

"அம்மா, இதெல்லாம் உங்களுக்குப் புரியாது. ஸ்கூல் நிர்வாகம்."

"நிர்வாகம் புரியாது சார். எம்பொண்ணு வர வேணாம்னு ஆள் அனுப்பினியே, அது நல்லாப் புரிஞ்சிச்சு. இந்த டீச்சர் இல்லன்னா எங்க புள்ளைங்களும் இல்ல. முடிச்சூர்ல ஒரு ஸ்கூல் கீதே, அங்க சேத்துக்கறோம். இந்த வகுப்புல நீ யாருக்குப் பாடம் நடத்துவ?"

பிள்ளைகள் குறைந்தால் ஒரு வாத்தியார் இடமே போய்விடும் என்பது சத்தியநாதனுக்குத் தெரியும். அவர் அந்தப் பெண்களைப் பார்த்தார், தரையில் உட்கார்ந்திருந்த தபீதாளைப் பார்த்தார். "இந்த வருஷம் முடியிற வரைக்கும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அதன்பிறகு அவர் அவளோடு நேராகப் பேசவில்லை. சொல்ல வேண்டியதைப் பியூனிடம் சொல்லி அனுப்புவார். அவள் பதிலையும் பியூனிடமே சொல்லி அனுப்பினாள். ஏசுபாதத்தின் அப்பா, வாய்ப்பாடு இல்லாத பள்ளிக்கூடம் எதற்கு என்று பையனைத் தாம்பரத்துக்கு மாற்றிவிட்டார். அவன் போன அன்று அவளுக்கு அழுகை வந்தது.

ஏப்ரலில் பரீட்சை நடந்தது. சிலர் பெயிலானார்கள், கன்னியம்மா தேறினாள்.

ஜூனில் பள்ளி திறந்தபோது யாருக்கு எந்த வகுப்பு என்று சத்தியநாதன் வராந்தாவில் நின்று வாசித்தார். ஒன்றாம் வகுப்பு வந்ததும் யார் பெயரையும் சொல்லாமல் சற்று நிறுத்தினார். தபீதாள் அவர் முடிக்கக் காத்திருக்கவில்லை. அழுதுகொண்டிருந்த புதுப் பிள்ளைகளில் இரண்டு பேரை இரு கையிலும் பிடித்துக்கொண்டு அந்த அறைக்குள் நடந்தாள்.