வயிறு தள்ளிய சுவர்

ராயபுரத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில் உள்ள செங்கல் கட்டடத்தை வலைக்கிடங்கு என்பார்கள். அதன் கிழக்குச் சுவர் வயிறு தள்ளிக்கொண்டிருந்தது. மேலிருந்து தொங்கிய தூக்குக்குண்டின் நூல் காலையில் சுவரோடு ஒட்டி இறங்கியது. இப்போது நடுச்சுவரில் முட்டிக்கொண்டு, அடியில் நாலு விரல் விலகி நின்றது. அத்தாவுல்லா அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்தியானம் அதிகாரி வந்துடுவாரு வாப்பா," என்றாள் ஜஸீமா. அவருடைய மகள். பழைய செங்கல் கட்டடங்களைச் சீர்செய்வதில் அவருக்குச் சமமாகப் பெயரெடுத்த பொறியாளர்.

"தெரியும்."

மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்துக்கு இதுதான் தொழில். ஆலைப் புகைபோக்கி, பள்ளிவாசல் வளைவு, மாதா கோயில் மணிக்கூண்டு என்று அவர்கள் கைவைத்த செங்கல் எதுவும் சரிந்ததாகப் பேச்சில்லை. இந்தக் கிடங்கை இடிக்கவேண்டும் என்று பேச்சு எழுந்தபோது, வாடகைக்காரர்கள் கூட்டத்தில் எழுந்து நின்று, "எங்க குடும்பம் கைவெச்ச செவுரு வுழாது. நான் பொறுப்பு," என்றவர் அத்தாவுல்லா. மாநகராட்சி அதிகாரி பார்வையிட வருவதற்குள் வேலையை முடித்துத் தருகிறேன் என்றும் வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த வாக்குதான் இப்போது சுவரைப் பிடித்துத் தள்ளியது.

அந்தச் சுவர் உண்மையில் இரண்டு சுவர். உள்ளே ஒரு செங்கல் வரிசை, வெளியே ஒரு வரிசை, நடுவில் சுண்ணாம்பும் உடைகல்லும் போட்ட நிரப்பு. நிரப்பு உதிர்ந்து உள்ளே பொந்து விழுந்துவிட்டது. அதை அடைக்கச் சுண்ணாம்பைக் கூழாகக் கரைத்துக் குழாய் வழியே ஊற்றவேண்டும். முழங்கால் உயரத்துக்கு ஊற்றி, அது இறுகும்வரை காத்திருந்து, பிறகுதான் அடுத்த முழங்கால் உயரம். ஈரக்கூழ் தண்ணீரைப் போலப் பக்கவாட்டில் அமுக்கும். இது ஜஸீமாவுக்குத் தெரியும். அவளுக்கு முன்பே அத்தாவுல்லாவுக்கும் தெரியும். தெரிந்தும் நேற்று ஒரே மூச்சில் கூரைவரை ஊற்றச் சொன்னார். ஜஸீமா எண்ணூரில் வேறொரு கட்டடம் பார்க்கப் போயிருந்தாள்.

"ஏன் வாப்பா?"

"நாள் இல்லன்னு நெனச்சேன்."

செங்கல் இடுக்குகளில் வெள்ளைப்பால் கசிந்தது. உள்ளே எங்கோ 'டிக்' என்று ஒரு சத்தம்.

கிடங்கில் கயிறும் வலையும் விற்கும் டென்னிஸ் ஓடி வந்தார். அவருக்கு ஒரு விசைப்படகும் உண்டு. "இன்னா பாய், செவுரு மாசமா கீதா?" என்று சிரித்தவர், இருவர் முகத்தையும் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

"உள்ள கீற ஆளுங்கள எல்லாம் வெளிய கூப்புடு டென்னிஸ்," என்றார் அத்தாவுல்லா. "கட்டுறதுக்கு இன்னா வெச்சிருக்க?"

"நைலான் கயிறு வோணும்னா..."

"நைலான் இழுபடும்," என்றாள் ஜஸீமா. "படகுல வலை இழுக்குற இரும்புக் கம்பி இருக்குமே, அது வேணும்."

டென்னிஸ் ஒரு கணம் தயங்கினார். படகு கடலுக்குப் போகக் காத்திருந்தது. பிறகு ஆளனுப்பிக் கம்பிச் சுருளை வரவழைத்தார். சுவரின் வெளிப்பக்கம் மரக்கட்டைகளை நிறுத்தி, கம்பியை ஜன்னல் வழியே உள்ளே விட்டு, எதிர்ச்சுவரின் தூண்களோடு சேர்த்து முறுக்கினார்கள். கம்பி விறைத்தது.

"இப்ப கூழ வடிக்கணும்," என்றாள் ஜஸீமா.

கூழை வடிப்பதற்கென்று அடிவரிசையில் விட்டிருந்த துளைகளின் களிமண் அடைப்புகளை அத்தாவுல்லா பிடுங்கினார். ஒன்றிலும் கூழ் வரவில்லை. துளை வாய்களில் அது கெட்டிப்பட்டு அடைத்துக்கொண்டது. இனிச் செங்கல்லையே பெயர்க்கவேண்டும். சாய்ந்த சுவரின் காலடியில் குந்தி, அதன் பாதத்தைப் பிடுங்கும் வேலை.

"நான் பண்றேன்," என்று ஜஸீமா உளியை எடுத்தாள்.

"தள்ளு. ஊத்தச் சொன்னவன் நான்."

மூன்றாவது கல் கழன்றதும் வெள்ளைக்கூழ் பீறிட்டு அவர் மடியில் கொட்டியது. மேலே மரக்கட்டைகள் நெரிந்தன. அவர் நகரவில்லை. அடுத்த கல்லைப் பெயர்த்தார், அதற்கடுத்ததையும். சுண்ணாம்பு பட்டுக் கை எரிந்தது. கொட்டுவது சொட்டாகி நின்றபோது, சுவர் கம்பிமேல் சாய்ந்தபடி அப்படியே இருந்தது.

வலை பின்னும் ரோஸ்மேரியும் மற்றப் பெண்களும் எதிர்ச்சாரியிலிருந்து கைதட்டினார்கள். "பாய் சொன்னா சொன்னதுதான்!" என்று கத்திக்கொண்டே ரோஸ்மேரி தன் கோரைப்பாயைத் தூக்கிவந்து, சுவரடியில் தன் வழக்கமான இடத்தில் விரித்தாள்.

டென்னிஸ் அத்தாவுல்லாவின் காதருகில் குனிந்தார். "பாய், அதிகாரிகிட்ட பூச்சு வேலைக்குச் சாரம் கட்டினுகீறோம்னு சொல்லிடு. சாக்கு போட்டு மூடிரலாம். இத வுட்டா எனக்கு வேற எடம் இல்ல. பசங்கள வெச்சிக்கினு எங்க போவேன்?"

அத்தாவுல்லா ரோஸ்மேரியைப் பார்த்தார். அவள் சுவரில் முதுகு சாய்த்து, ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி குணசேகரன் வண்டியிலிருந்து இறங்கினார். கம்பியைப் பார்த்தார், தரையில் வெள்ளைக் குளத்தைப் பார்த்தார். "என்ன சார் இதெல்லாம்?"

"அந்தம்மாவ முதல்ல அங்கிருந்து எழுப்புங்க," என்றார் அத்தாவுல்லா. "செவுரு நிக்கல. கம்பிதான் நிக்குது. தப்பு என்னோடது. எம்பேரப் போட்டு எழுதுங்க. பொண்ணு பேரு வேணாம், கூழ் ஊத்துனப்ப அவ இங்க இல்ல."

"உள்சுவர் நல்லா இருக்கு சார்," என்று ஜஸீமா முன்னால் வந்தாள். "வெளிவரிசைய மட்டும் பிரிச்சுத் திரும்பக் கட்டலாம். இடிக்க வேணாம்."

"அத மேல முடிவு பண்ணுவாங்கம்மா. இன்னிக்கே காலி பண்ணிப் பூட்டணும். எனக்கு வேற வழி இல்ல."

வலைக்கட்டுகள் ஒவ்வொன்றாகத் தெருவுக்கு வந்தன. அத்தாவுல்லா ஒரு கட்டின் முனையைப் பிடிக்கப் போனார். ரோஸ்மேரி அதை அவர் கையிலிருந்து இழுத்துக்கொண்டாள். "வுடு பாய். நீ செஞ்சதே போதும்."

வானம் இருட்டி வந்தது. முதல் துளி அவர் கழுத்தில் விழுந்தது. கல் பெயர்த்த ஓட்டைகள் திறந்து கிடந்தன. மழை உள்ளே இறங்கினால் மிச்சமிருக்கும் சுண்ணாம்பும் கரையும், உள்சுவரும் போகும். ஜஸீமா தன் துப்பட்டாவைச் சுருட்டி ஒரு ஓட்டையில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் டென்னிஸிடம் போனார். யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாதவர். கேட்கும்போதும் முதுகு வளையவில்லை.

"டென்னிஸ், ஒரு தார்ப்பாய் குடு."

டென்னிஸ் திரும்பாமல் வலைகளை வண்டியில் ஏற்றினார்.

மழை வலுத்தது. அத்தாவுல்லா வண்டியின் மறுபக்கம் சுற்றிப் போய், அவர் முகத்துக்கு நேரே நின்று மறுபடியும் கேட்டார்.