நீலமாக வந்தால்

ஐஸ்பெட்டியின் மேல்தட்டில், கோழிக்கும் மீனுக்கும் நடுவே, மடித்த வெள்ளைத் துண்டு ஒன்று கல்லாக உறைந்து கிடப்பதை மணியம் சனிக்கிழமை காலையில்தான் பார்த்தார். எதற்கு என்று கேட்டதற்கு, முட்டி வலிக்கு என்றாள் மலர்க்கொடி. அவளுக்கு முட்டி வலி இருந்ததாக அவருக்கு நினைவில்லை. ஆனாலும் பெட்டியை மூடிவிட்டார். முப்பத்தோரு வருஷக் குடித்தனத்தில், மூட வேண்டிய நேரத்தில் மூடிவிடுவது அவருக்குக் கைவந்த கலை.

ரெம்பியாவிலிருந்து தொழிற்சாலைப் பெண்களை ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டுகிறார் மணியம். நாற்பத்து நாலு பேர் உட்கார்ந்த வண்டியை ஒற்றைக் கையால் திருப்புவார். வீட்டில் மட்டும் ஸ்டியரிங் மலர்க்கொடியிடம். பள்ளிக்கூடக் கேண்டீனில் இருநூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிறவளுக்கு ஒரு மணியம் எம்மாத்திரம்.

அந்த மலர்க்கொடிக்குத்தான் வலது மார்பில் கட்டி. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டதை இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. ஒருவழியாக மணியம் அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போனபோது, நர்ஸ் மிஸ்ஸி தொட்டுப் பார்த்துவிட்டு, முகத்தை மாற்றிக்கொள்ளாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். வருகிற செவ்வாய்க்கிழமை போக வேண்டும். அழுத்திப் படம் எடுப்பார்களாம், ஊசியால் சதை எடுத்துச் சோதிப்பார்களாம். மலர்க்கொடி கிளினிக் வாசலிலேயே சொல்லிவிட்டாள், செத்தாலும் போகமாட்டேன் என்று. இதே மாதிரிக் கட்டியோடு அவள் அக்கா மாரியம்மா போனாள். ஊசி குத்தினார்கள், கத்தி வைத்தார்கள், எட்டே மாதத்தில் மாலை போட்ட படமாகச் சுவரில் ஏறிவிட்டாள்.

"சும்மா கெடந்தத குத்தி எழுப்பி விட்டுட்டாங்க" என்பதுதான் மலர்க்கொடியின் தீர்ப்பு. மாரியம்மா அதை இரண்டு வருஷம் சேலைக்குள் மறைத்து வைத்திருந்துவிட்டுத்தான் போனாள் என்று மணியம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் புனிதா ஒரு வழி கண்டுபிடித்தாள். தெங்கேராவில் ஒரு கடை வீட்டின் மாடியில் உடம்புச் சூட்டைப் படம் பிடிக்கிறார்கள். தொடுவதில்லை, அழுத்துவதில்லை, ஊசி கிடையாது. தூர நின்று கேமராவால் எடுப்பதோடு சரி. "இத மட்டும் வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாதுப்பா. ஆனா அம்மா மொதல்ல ஒரு எடத்துக்குக் கெளம்பி வரட்டும்லா. அப்புறம் மெல்லப் பேசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்" என்றாள் போனில். மணியத்துக்கும் அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது.

தெங்கேராக்காரர்கள் அனுப்பிய தாளில் இரண்டு பெண்களின் படம் இருந்தது. நோயில்லாத ஒருத்தியின் மார்பு நீலமும் பச்சையுமாக, நோயுள்ள இன்னொருத்திக்கு ஒரு பக்கம் மட்டும் திட்டாகச் சிவந்து. மலர்க்கொடி அதை வெகுநேரம் பார்த்துவிட்டுப் பேரம் பேசினாள்.

"செவப்பா வந்துச்சுன்னா செவ்வாக்கெழம நீங்க சொல்ற எடத்துக்கு வரேன். நீலமா வந்துச்சுன்னா அதோட என்னைய விட்ருங்க."

மணியம் ஒத்துக்கொண்டார். வேறு என்ன செய்வார். அன்றிலிருந்து தினமும் விடிகாலையில் பஸ் முனீஸ்வரர் கோயிலைத் தாண்டும்போது, செவப்பா வரணும் சாமி என்று முணுமுணுத்தார். எந்தப் புருஷனும் பெண்டாட்டிக்காகக் கேட்காத வரம் அது. கேட்ட நாக்கைப் பிடுங்கிப் போடலாம் போலிருந்தது. மறுநாளும் கேட்டார்.

தாளில் மலாயில் போட்டிருந்ததை அவர்தான் அடுக்களையில் உட்கார்ந்து அவளுக்கு வாசித்துச் சொன்னார். அன்றைக்குப் பவுடர், எண்ணெய், வாசனை எதுவும் பூசக்கூடாது. வெயிலில் நிற்கக்கூடாது. போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து சூடாகவோ ஜில்லென்றோ எதையும் குடிக்கக்கூடாது.

"ஏனாம்?"

"ஒடம்புல எந்த எடத்துல சூடு இருக்குன்னு பாக்குற மெஷினு. சூடு இருக்கற எடம் செவப்பா தெரியுமாம்."

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். வாயைக் கொடுத்து வம்பை வாங்குவது என்பது இதுதான். மலர்க்கொடிக்கு மெஷின் தெரியாது, சூடு தெரியும். கண் கட்டி சூடு, வாய்ப்புண் சூடு, நீர்க்கடுப்பு சூடு. சூட்டைத் தணிக்கத் தெரியாதவளா அவள். சூடுதான் நோய் என்றால், சூடு தணிந்தால் நோயும் தணிந்தது. அவள் கணக்கு அவ்வளவுதான், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

ஊறவைத்த வெந்தயம் காலையில், பார்லித் தண்ணீர் மதியத்தில், நல்லெண்ணெய் தேய்த்துக் குளியல் இரண்டு தடவை. பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மாவிடம் பெடாக் செஜோக் வாங்கி, அந்த அரிசி மாவு மணிகளைத் தண்ணீரில் குழைத்துப் படுக்கும்போது கட்டியின்மேல் அப்பிக்கொண்டாள். பவுடர் கூடாதென்று போட்டிருக்கிறதே என்றதற்கு, "அது அன்னிக்குத்தானே" என்றாள். மணியம் பாசாரிலிருந்து இளநீர் வாங்கி வந்து கொடுத்தார். குடிக்காதே என்று சொல்ல வேண்டியவர், சீவியும் கொடுத்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் ஏதோ ஒன்றை நம்பிச் செய்கிறாள். அதையும் எப்படித் தட்டிப் பறிப்பது.

அந்தச் சனிக்கிழமை தெங்கேராவில் அவர்களுக்குப் படம் எடுத்த பெண்ணின் பெயர் தேவிஸ்ரீ. புனிதாவின் வயதுதான் இருக்கும். "பதினஞ்சு நிமிஷம் மேல்துணி இல்லாம இந்த ரூம்ல உக்காரணும் ஆண்ட்டி. ஒடம்பு ரூமோட குளிருக்குப் பழகணும். கைய நெஞ்சுல படாம வச்சிக்குங்க. அங்கள் வேணும்னா தொணைக்கு இருக்கட்டும்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

மலர்க்கொடி ரவிக்கையைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள். மணியம் அதை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். கைப்பை திறக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினார். பிளாஸ்டிக் பையிலிருந்து அந்த உறைந்த துண்டை எடுத்து அவள் மார்பில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"மலரு, வேணாம்."

"பேசாம இருங்க."

குளிரில் அவளுக்குப் பற்கள் கிட்டித்தன. தோள் நடுங்கியது. எழுந்து பிடுங்கியிருக்கலாம். கதவைத் திறந்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டிருக்கலாம். கையில் ரவிக்கையோடு உட்கார்ந்தே இருந்தார். தண்ணீர் அவள் வயிற்றில் வழிந்து பாவாடை நாடாவை நனைத்தது. நேரம் முடியும்போது அவள் துண்டை எடுத்துவிட்டு ஈரத்தைத் துடைத்தாள். அப்போதுதான் மணியம் முதல்முறையாகப் பார்த்தார். கட்டிக்கு மேலே தோல் ஆரஞ்சுத் தோலைப் போலக் குழி குழியாக இருந்தது. காம்பு உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. அவருக்கு எந்த மெஷினும் தேவைப்படவில்லை.

படம் எடுக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நேராக, பக்கவாட்டில், கையைத் தூக்கி. பிறகு திரையைத் திருப்பிக் காட்டினாள் தேவிஸ்ரீ. கழுத்தும் அக்குளும் மஞ்சள், இடது பக்கம் பச்சை. வலது பக்கம் மட்டும் பெரிய கருநீலத் திட்டு.

"நீலம்தானேம்மா அது?" என்றாள் மலர்க்கொடி.

"நீலம்தான். ஆனா ஒரு பக்கம் மட்டும் இவ்வளவு குளிர்ச்சியா வராதே ஆண்ட்டி. ஏதாச்சும் வச்சீங்களா?"

"ஒண்ணும் இல்லம்மா."

தேவிஸ்ரீ மணியத்தைப் பார்த்தாள். மலர்க்கொடியும் பார்த்தாள். ரவிக்கைக் கொக்கியை மாற்றிப் போட்டிருந்தாள். அந்தப் பார்வையில் அதட்டல் இருந்திருந்தால் அவர் உண்மையைச் சொல்லியிருப்பார். அது கெஞ்சியது. இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் எதற்கும் கெஞ்சியதில்லை.

"இல்லம்மா" என்றார் மணியம்.

"சரி, டாக்டர் பார்த்துட்டு ரிப்போர்ட் அனுப்புவாங்க. ஆனா கட்டி இருக்குன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. இதுல எந்தக் கலர் வந்தாலும் ஆஸ்பத்திரில மேமோகிராம் கட்டாயம் எடுக்கணும் அங்கள். அதுக்குப் பதிலா இது ஆகாது." அந்தப் பெண் இரண்டு தடவை சொன்னாள். மலர்க்கொடி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கத் தொடங்கியிருந்தாள்.

காரில் அவள் கேண்டீன் கதை பேசினாள். இட்லி சாப்பிடலாமா என்றாள். வெகுநாளாகக் கேட்காத குரல் அது. சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று மணியத்துக்கு மனசு அடித்துக்கொண்டது. தொண்டையைச் செருமினார்.

"மலரு, செவ்வாக்கெழம..."

"வாக்குக் கொடுத்தீங்க." கோபமில்லாமல்தான் சொன்னாள். "நீலமா வந்துருச்சுல்ல."

சமிக்ஞை விளக்கில் வண்டி நின்றது. வெளியிடத்தில் விரல் பட்டால்கூடத் தள்ளி உட்காருகிறவள், கியரின்மேல் இருந்த அவருடைய இடது கையை எடுத்துத் முந்தானைக்குள் கொண்டுபோய் வலது மார்பில் வைத்தாள். தன் உள்ளங்கையால் மேலே மூடி அழுத்தினாள். தோல் இன்னும் சில்லென்றிருந்தது. அதற்கு அடியில், கோழிமுட்டை அளவுக்கு, கெட்டியாக, அசைய மறுத்துக்கொண்டு அது இருந்தது.

"தணிஞ்சிருக்குல்ல?" என்றாள்.

விளக்கு பச்சையானது. முன்னால் நின்ற லாரி நகர்ந்து போய், சாலை காலியாகக் கிடந்தது. பின்னாலிருந்து ஒருவன் ஹாரன் அடித்தான், பிறகு இன்னொருவனும் அடித்தான். கியர் போட அந்தக் கைதான் வேண்டும். அவள் விடவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, கையை இன்னும் கொஞ்சம் இறுக்கி அழுத்தினாள்.