சுவாமி இல்லாத சுவர்

முப்பத்தாறு வயசுல எனக்குத் தலைகீழா நிக்கணும்னு விதி. சிரசாசனம் கூட இல்லை. அதுலயாவது தலை தரையில பதிஞ்சிருக்கும். இது ரெண்டு கையை ஊணிண்டு, உடம்பு மொத்தத்தையும் தூக்கிக் காலை ஆகாசத்துக்குக் காட்டற சமாசாரம். ஹேண்ட்ஸ்டாண்டாம். எவன் கண்டுபிடிச்சானோ, அவன் கை விளங்காமப் போக.

மயிலாப்பூர்ல ஒரு பெண்கள் ஸ்கூல்ல நான் தையல் டீச்சர். டெம்பரவரி. வருஷா வருஷம் ஏப்ரல்ல ஆத்துக்கு அனுப்பிச்சுடுவா. ஜூன்ல மறுபடியும் போய் ஹெட்மிஸ்ட்ரஸ் தங்கம் அம்மா ரூம் வாசல்ல நிக்கணும். நான் நிக்கறது அந்தம்மாவுக்கு நன்னாத் தெரியும். தெரிஞ்சுண்டே பேப்பரைப் படிப்பா, காபியைக் குடிப்பா, மூக்குக் கண்ணாடியைத் துடைப்பா. அப்புறம் நிமிர்ந்து பார்த்து, "அடடே, ஜானகி டீச்சரா? வந்து ரொம்ப நேரமாச்சா?"ம்பா. எனக்கு உள்ளங்கால்லேர்ந்து பத்திண்டு வரும். "இல்லை மேடம், இப்பத்தான் வந்தேன்"னு பல்லைக் கடிச்சுண்டு இளிப்பேன்.

எழுபத்திநாலுல எங்க டிரில் டீச்சர் கல்யாணம் பண்ணிண்டு பம்பாய்க்குப் போயிட்டா. அதே சமயம் மேலிடத்துலேர்ந்து ஒரு சர்க்குலர் வந்துது. தையல் டீச்சர் போஸ்ட் இனிமே கிடையாது. டிரில் டீச்சர் போஸ்ட் உண்டு, அதுவும் பர்மனென்ட். ஸ்கூல்ல இருக்கறவாளே எழுதிப் போடலாம். ஆபீசர் நேர்ல வந்து டெஸ்ட் வைப்பார். டிரில் கமாண்ட், ஸ்கிப்பிங், கடைசியா இந்த ஹேண்ட்ஸ்டாண்ட்.

எழுதிப் போட்டது ரெண்டே பேர். ஒண்ணு நான். இன்னொண்ணு லைப்ரரியைப் பார்த்துக்கற மீனாட்சி. அவ தங்கம் அம்மாவோட அக்கா பொண்ணு. அப்பாவுக்கு தி. நகர்ல ஜவுளிக்கடை. கார்லேர்ந்து இறங்கி லைப்ரரி வரைக்கும் நடந்தாலே அவளுக்கு மூச்சு வாங்கும். அவளுக்கு எதுக்கு டிரில்? ஆனா எனக்கு அந்த வேலை வேணும். கிடைச்சா அந்த ரூம் வாசல்ல ஜென்மத்துக்கும் நிக்க வேண்டாம். அதுக்காகத் தலைகீழா என்ன, அந்தரத்துலயே நிப்பேன்.

எங்காத்துக்காரர் ஸ்ரீரங்கன், கீழே விழுந்த துண்டைக் குனிஞ்சு எடுக்க மாட்டார், என்னைக் கூப்பிடுவார். அவர்தான் எனக்குக் கோச். லைப்ரரிலேர்ந்து தேகப்பயிற்சிப் புஸ்தகம் ஒண்ணு எடுத்துண்டு வந்து, ஈசிசேர்ல சாய்ஞ்சுண்டு படிச்சார்.

"ஆரம்பத்துல எல்லாருக்கும் ஒரு சுவர் வேணுமாம்டி. கையை ஊணிண்டு, காலை உதறி எழுப்பி, சுவர்ல சாத்திக்கணுமாம். அவ்வளவுதான், ரொம்ப சுலபம்."

சுலபமாம்! மயிலாப்பூர்ல காலை வைக்கறதுக்கு ஒரு சுவர் எங்கே இருக்கு? எங்களுக்கு ஒரு ஹாலும் ஒரு சமையலுள்ளும். மூணு குடித்தனம் இருக்கற வீட்டுல நடுப் போர்ஷன். கிழக்குச் சுவர் பூரா பெருமாளும் தாயாரும். வடக்குச் சுவர்ல காலண்டர். புடவை வாங்கினா ஒண்ணு, பாத்திரம் வாங்கினா ஒண்ணு, எல்லாத்துலயும் சுவாமி. வருஷம் முடிஞ்சுடுத்துன்னு சுவாமியைக் கழட்டிக் குப்பையில போட முடியுமோ? அறுபத்தஞ்சாம் வருஷத்து முருகன் இன்னும் ஆணியில தொங்கிண்டிருக்கார்.

தெற்குச் சுவர்ல என் மாமனார், சந்தனமாலையோட. அந்தப் பக்கம் நான் திரும்பினதுமே இவர் ஈசிசேர்லேர்ந்து அலறினார்.

"எங்கப்பா மூஞ்சியில காலை வைக்கப்போறியா?"

"இருந்தப்போ எத்தனையோ தடவை தோணித்து. அப்பவே வைக்கலை, இப்பவா வைக்கப்போறேன்?"

அன்னிக்கு ராத்திரி கீழே விழுந்த துண்டை அவரே குனிஞ்சு எடுத்துண்டார். மேற்குச் சுவர் காலியாத்தான் இருந்துது. மறுநாள் அதுல ஓங்கி ஒரு உதை விட்டேன். அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு கூச்சல். சுவருக்கு அந்தண்டை வீட்டுக்காரி கோமளம் மாமியோட பூஜை அலமாரியாம். ராமர் பட்டாபிஷேகம் சரிஞ்சு விளக்கு மேல விழுந்துடுத்தாம்.

"அடிப்பாவி, பட்டாபிஷேகத்தன்னிக்கே ராமரை உதைச்சுட்டியேடீ!" மாமி அழுதே விட்டா.

வெளியில தேடினேன். எங்க தெருவுல ஒரு சுவர்ல கட்சி, எதிர்ச் சுவர்ல எதிர்க்கட்சி, மிச்சத்துல சினிமா. எந்த மூஞ்சியில கால் பட்டாலும் அந்த மூஞ்சிக்குன்னு ஒரு கூட்டம் கம்போட வரும். ஆழ்வார்பேட்டையில சுத்தமா வெள்ளையடிச்ச ஒரு சுவரைப் பார்த்துட்டுக் கிட்டப் போனேன். யாரும் அசிங்கம் பண்ணப்படாதுன்னு பிள்ளையார், சிலுவை, பிறை மூணையும் வரிசையா எழுதி வெச்சிருந்தான் புண்ணியவான்.

கடைசியில சுவாமியும் தலைவரும் இல்லாத இடம் ஒண்ணே ஒண்ணுதான் அகப்பட்டுது. எங்க மூணு குடித்தனத்துக்கும் பொதுவான பாத்ரூம். அதுலயும் ஒரு பக்கம் வெந்நீர் அடுப்பு, ஒரு பக்கம் அண்டா, ஒரு பக்கம் குழாய். மிச்சம் இருந்தது கதவு. உள்பக்கமாத் திறக்கற கதவு. தாப்பாளைப் போட்டுண்டு அதுல காலைச் சாத்திக்க ஆரம்பிச்சேன்.

முதல் வாரம் கால் எழும்பவே இல்லை. தவளை மாதிரி தத்திண்டிருந்தேன். அப்புறம் எழும்பித்து, ஆனா முழங்கை மடங்கிடும். மடங்கினா முதல்ல தரைக்கு வர்றது மூக்கு. ஒரு தடவை பக்கவாட்டுல சாய்ஞ்சு அண்டாக்குள்ளயே இறங்கிட்டேன். மணிக்கட்டு வலி உசிர் போகும். மாவாட்டறப்போ கண்ணுல ஜலம் வரும். புடவை ஒரு இம்சை. ஆறு கஜத்துல தலைகீழா நின்னா மானம் போயிடும்னு ஒன்பது கஜத்துல மடிசார் கட்டி, நாலா பக்கமும் ஊக்கைக் குத்திண்டேன். கையை விரிச்சு வெச்சு, ரெண்டு கைக்கும் நடுவுல தரையைப் பார்த்தா ஆட்டம் குறையறதுன்னு நானே கண்டுபிடிச்சேன். எவ்வளவு நேரம் நிக்கறேன்னு தெரிய வேண்டாமா? பாத்ரூம்ல பாசுரம் சொல்லப்படாது. அதனால பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிண்டேன்.

வெளியில கோமளம் மாமி சொம்போட நின்னுண்டு கதவைத் தட்டுவா. "ஏண்டி ஜானு, குளிக்கறியா, உள்ளேயே குடித்தனம் பண்றியா? திறடி!"

திறக்கறதாவது! கதவு மேலயே நான் நின்னுண்டிருக்கேன். நான் இறங்கினாத்தானே கதவு திறக்கும்?

டெஸ்ட் அன்னிக்கு மடிசாரோட ஸ்கூலுக்குப் போனேன். "ஏதாவது விசேஷமா டீச்சர்?"னு பியூன் துரைராஜ் கேட்டான். ஆபீசர் சிதம்பரநாதன் நெத்தி நிறைய விபூதியோட, சாதுவா இருந்தார். பெரிய ஹால்ல அவர், தங்கம் அம்மா, மீனாட்சி, நான். கமாண்ட் ஆச்சு, ஸ்கிப்பிங் ஆச்சு. ஹேண்ட்ஸ்டாண்ட்னதும் ஆபீசர் எழுந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டுண்டு, சுவர்ல இருந்த சரஸ்வதி படத்தைப் பார்க்க உக்காந்துட்டார்.

"பெண்பிள்ளைங்க தலைகீழா நிக்கிறதை நான் பார்க்கிறது முறையில்லை. அம்மா, நீங்க பார்த்துச் சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்"னு தங்கம் அம்மாகிட்ட சொன்னார்.

முதல்ல மீனாட்சி. கீழே விழுந்த கர்சீப்பை எடுக்கற மாதிரி குனிஞ்சா. விரல் நுனியால தரையைத் தொட்டா. நிமிர்ந்து வளையலைச் சரி பண்ணிண்டா.

"அபாரம் சார்! அப்படியே தூண் மாதிரி!" தங்கம் அம்மா கையைத் தட்டினா. ஆபீசர் எழுதிண்டார்.

"நீங்க எங்கே செய்வீங்க டீச்சர்? எல்லாச் சுவர்லயும் படம் இருக்கே!"ன்னா அந்தம்மா, ரொம்ப விசாரப்படற மாதிரி. நான் விடுவிடுன்னு போய் ஹால் கதவைச் சாத்தித் தாப்பாள் போட்டேன். கையை ஊணினேன். ஒரே உதறல். கால் ரெண்டும் கதவுல போய் உக்காந்துது. ஜென்மத்துல அவ்வளவு நேரா நான் நின்னதில்லை.

"அடடா, விழுந்துட்டாங்க சார். பாவம்"ன்னா தங்கம் அம்மா.

"பரவாயில்லைம்மா, எல்லாருக்கும் வருமா?"ன்னு ஆபீசர் பேனாவைத் திறந்தார்.

"சார்! நான் விழலை சார்! நின்னுண்டிருக்கேன்!"

"கீழே விழுந்து கிடந்துதான் பேசறாங்க சார். குரல் எங்கேர்ந்து வருதுன்னு நீங்களே கேளுங்க."

"தலை கீழே இருந்தா குரலும் கீழேர்ந்துதானே சார் வரும்! திரும்பிப் பாருங்கோ!"

"இல்லைம்மா... நான் திரும்பறது நல்லா இருக்காது."

"அப்போ நான் இறங்க மாட்டேன். ஹாலுக்கு இருக்கறது இந்த ஒரு கதவுதான்."

பதினாறாம் வாய்ப்பாடு முடிஞ்சு போச்சு. வெளியில துரைராஜ் தட்டறான். "இன்னா சார் தாப்பா போட்டுக்கினு கீறீங்க? காபி ஆறிப்போவுது!" கதவு அதிர, என் கால் அதிர, கை வெடவெடன்னு நடுங்கறது. மூஞ்சியில ரத்தமெல்லாம் இறங்கிக் கண் இருட்டறது. இப்போ இறங்கினா அவ்வளவுதான். ஜூன்ல அந்த ரூம் வாசல்ல நிக்கறதுக்குத் தையல் போஸ்ட் கூட இல்லை. அழுகையா வந்துது. அழுதா ஜலம் நெத்தி வழியா ஓடறது. பதினேழாம் வாய்ப்பாட்டை ஆரம்பிச்சேன், சத்தம் போட்டே.

நாற்காலி கிறீச்சுன்னு நகர்ந்துது. தலைகீழா ரெண்டு செருப்பு என் பக்கம் திரும்பித்து. அப்புறம் எழுதினதை அடிச்சுத் திருத்தற சத்தம்.

"போதும்மா, இறங்குங்க."

"எழுதிட்டேளா?"

"உங்க பேரைத்தான் எழுதியிருக்கேன். இறங்குங்க."

இறங்கினேன். இறங்கினேன்னா, சரிஞ்சேன். கதவுல முதுகைச் சாய்ச்சுண்டு அப்படியே தரையில உக்காந்துட்டேன். ஆபீசர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுண்டார்.

"நான் சர்வீஸ்ல சேர்ந்ததுலேர்ந்து எத்தனையோ டிரில் டீச்சரைப் பாஸ் பண்ணியிருக்கேன். ஒருத்தர் செஞ்சு இன்னிக்குத்தாம்மா பார்க்கிறேன்"னார்.

மீனாட்சி வளையலையே பார்த்துண்டிருந்தா. தங்கம் அம்மா வெளியில போகணும்னு கதவுகிட்ட வந்தா. நான் உக்காந்துண்டிருக்கேனே, எப்படித் திறப்பா? வந்து நின்னா. தலைப்பால மூஞ்சியைத் துடைச்சுண்டேன். கொண்டையை அவிழ்த்து முடிஞ்சுண்டேன். ஊக்கெல்லாம் பத்திரமா இருக்கான்னு ஒண்ணொண்ணாத் தொட்டுப் பார்த்தேன். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அடடே, மேடமா? வந்து ரொம்ப நேரமாச்சா?"ன்னேன்.