மெழுகில் போன துண்டு

"இதுதான் கடைசி. இனிமே யாரும் என்னைக் குத்தக் கூடாது, வெட்டக் கூடாது. நீயும் கேக்கக் கூடாது."

"சரி."

"சும்மா தலையாட்டாத. வாயைத் திறந்து சொல்லு."

"கேக்க மாட்டேன். போதுமா?"

"கத்திக்காரி வாக்குக் குடுத்துட்டா, எல்லாரும் கேட்டுக்குங்க" என்று அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான். அறையில் அவனையும் மனைவியையும் தவிர வேறு யாரும் இல்லை.

அது மூன்று மாதங்களுக்கு முந்தைய பேச்சு. அவனுடைய இடுப்புக் கட்டி மூன்றாவது முறையாக வளர்ந்திருந்தது. புதிய ஆன்டிபாடி மருந்து ஒன்றுதான் மிச்சமிருந்த வழி. அந்த மருந்து, புற்றுச் செல்லின் மேல்சவ்வில் இருக்கும் ஒரு வகைக் கொழுப்பைத் தேடிப் பிடிக்கும். கட்டியில் அந்தக் கொழுப்பு இருப்பவர்களுக்கு மட்டுமே அதைக் கொடுப்பார்கள். அறுவையில் எடுத்த துண்டைச் சோதித்ததில் அவனுடைய கட்டியில் இல்லை என்று முடிவு வந்தது. அன்றே அவன் சிகிச்சையெல்லாம் போதும் என்று தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்குத் திரும்பிவிட்டான்.

அந்த முடிவை நம்ப முடியாது என்பது ஆறு வாரமாக அவளுக்குத் தெரியும்.

மருத்துவமனையில் சதைத் துண்டுகளைச் சீவிக் கண்ணாடிச் சில்லில் ஏற்றுவது அவள் வேலை. கணவனின் துண்டு வந்த அன்று, தன் கையால் செய்தால்தான் நிம்மதி என்று சக ஊழியரிடமிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். ஸ்பிரிட்டில் ஊறவைத்து மெழுகில் பதித்தாள். பதினான்கு வருடத்தில் அவ்வளவு சுத்தமாக எதையும் செய்ததில்லை. ஒரு பகுதியைப் பனிக்கட்டியில் வைக்கும்படி கூட வந்த சீட்டில் ஒரு வரி இருந்தது. அதை அறுவை அரங்கிலேயே எடுத்து வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

எடுத்து வைக்கவில்லை. எண்ணெய் பட்ட சட்டையைப் பெட்ரோலில் அலசியதுபோல், அவள் ஊற்றிய ஸ்பிரிட்டே கொழுப்பைக் கரைத்துவிட்டது. அதன் பிறகு தேடினால் எப்படி இருக்கும்? ஆறு வாரத்துக்கு முன் வேறொருவரின் துண்டு பனிக்கட்டிப் பெட்டியில் வந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

நேற்றுத்தான் ஆய்வகத் தலைவியிடம் சொல்லி அழுதாள். தலைவி உடனே எழுந்தார். குளிர்பெட்டியைக் குடைந்து, அறுவையின்போது அவசரப் பார்வைக்காக உறையவைத்ததில் மிஞ்சிய மிளகளவுத் துண்டைக் கண்டெடுத்தார். இன்று காலை இருவரும் ஸ்பிரிட் படாமல் அதைச் சீவிச் சாயமேற்றினார்கள்.

கொழுப்பு உண்டென்று தெரிந்து ஒப்பிட வைத்திருந்த சில்லில் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பழுப்புக் கரை பளிச்சென்று தெரிந்தது. அவனுடையதில் வெறும் தீற்றல்.

"அத்தனையும் செத்த செல். இது இருக்குன்னும் சொல்லாது, இல்லைன்னும் சொல்லாது" என்றார் தலைவி.

"அப்போ, மேடம்?"

"புதுசா ஒரு துண்டு வேணும். மூணு மணிக்குள்ள ஊசியால எடுத்தாங்கன்னா நாலரைக்கு நானே பாத்துச் சொல்லிடுவேன். அஞ்சு மணிக்கு மருந்துக்காரங்களுக்கு லிஸ்ட் போயிடும். அதுக்கப்புறம் புதுசா யாரையும் எடுக்க மாட்டாங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருந்தே தீரும்னு என்னால சொல்ல முடியாதும்மா. போய்க் கேளு."

கடையை அடைந்தபோது மணி இரண்டு இருபது. நாற்காலியில் ஒரு பெரியவர். அவன் அவர் மூக்கின் மேல் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டிருந்தான்.

"பட்டப்பகல்ல கத்திக்காரி! என்ன, லேபு தீப்பிடிச்சிருச்சா?"

"கொஞ்சம் பேசணும்ங்க."

"தம்பி, இடது காதுல தூக்குதே" என்றார் பெரியவர்.

"காதே அப்படித்தான் சார் இருக்கு. கண்ணாடிய வளைக்கலாம், காதை வளைக்க முடியுமா?"

அவன் கம்பியைச் சூடாக்கி வளைத்தான். பெரியவர் போட்டார், கழற்றினார், மறுபடியும் போட்டார். இரண்டு முப்பத்திரண்டுக்குத்தான் எழுந்து போனார்.

அவள் நின்றபடியே சொன்னாள். சீட்டிலிருந்த வரி, ஸ்பிரிட், மெழுகு, காலையில் பார்த்த தீற்றல், ஐந்து மணி. எதையும் விடவில்லை. அவன் சின்னத் திருப்புளியை விரலிடையில் உருட்டிக்கொண்டே கேட்டான்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ஆறு வாரமா."

"ஆறு வாரம்! சோப்பு டப்பாவை மூடலன்னு என்கூட முந்தாநாள் அரைமணி நேரம் சண்டை போட்ட. இதைச் சொல்ல வாய் வரல?"

"சொன்னா அடுத்தது கேக்கணும். கேக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேனே. தப்பும் என்னோடது. எந்த மூஞ்சியோட வந்து நிப்பேன்?"

அவன் திருப்புளியைக் கீழே வைத்தான். வலது கை இடுப்புப் பக்கம் போய், பாதியில் நின்றது.

"அந்த மருந்து வலிக்கும்னு சொன்னாங்களே."

"வலிக்கும். நரம்புலயும் அதே கொழுப்பு கொஞ்சம் இருக்கு. ஏறும்போது நரம்பையும் பிடிச்சுக்கும். மார்ஃபின் குடுத்துக்கிட்டேதான் ஏத்துவாங்க."

"பொய்யாவது சொல்லக் கூடாதா?"

"உங்ககிட்ட இனிமே எதையும் மறைக்க மாட்டேன்."

"நல்ல நேரம் பாத்துத் திருந்தின." அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. முகத்தைத் திருப்பி மேசை மேல் கிடந்த பிரேம்களை அடுக்கத் தொடங்கினான். "சொல்ல வந்ததைச் சொல்லிட்ட. மனசுல இருந்த பாரம் இறங்கிருச்சுல்ல? கிளம்பு. நான் ஒண்ணும் கோவிச்சுக்கல."

தப்பித்துப் போக அவனே வழி விட்டான். ஒரு சொல் பேசாமல் திரும்பி நடந்தால் அவன் மன்னித்ததாக ஆகிவிடும். கொடுத்த வாக்கும் நிற்கும். சுவரில் மணி இரண்டு நாற்பது. ஊசி அறைக்கு ஆட்டோவில் பத்து நிமிடம்.

அவள் கதவுப் பக்கம் போனாள். வெளியே தொங்கிய 'திறந்திருக்கிறது' பலகையை மறுபக்கம் திருப்பிவிட்டு உள்ளே வந்து, பிரேம்களை அடுக்கிக்கொண்டிருந்த அவன் கைகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்தாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவை குத்திக்கோங்க" என்றாள். "எனக்காக. நீங்க இல்லாம என்னால முடியாதுங்க."