நேபாளத்துக்கு ஓர் அழைப்பு

நேபாள மலையில் இந்திய, நேபாளப் படைகள் சேர்ந்து நடத்திய பயிற்சியின்போது மண் சரிந்துவிட்டதாகக் காலையில் செய்தி வந்தது. அந்தப் பயிற்சிக்குச் சென்றிருந்த சிப்பாய் மகன் ஷிஜுவின் கைப்பேசி அணைந்தே கிடந்தது. ஓய்வுபெற்ற ஹவில்தார் ஜெயதாஸ், பாறசாலையில் தேநீர்க் கடை வைத்திருந்த பட்டாளத் தோழர் சதாசிவனிடம் ஓடினார்.

“பேடிக்காதே மக்கா. எனக்க பழைய கூர்க்கா கூட்டாளி அந்த மலையடிவாரத்திலதான் உண்டு. முகாமுக்குப் பால் குடுக்கவன் அவனாக்கும்.”

அழைப்பு கிடைத்தது. சதாசிவன் இந்தியில் இரண்டு கேள்விகள் கேட்டுவிட்டு, மறுமுனையின் பதிலைக் கேட்டுக்கொண்டே நின்றார். எப்போதும் வேடிக்கை பேசும் மனிதரின் முகத்தில் சிரிப்பில்லாததைக் கண்டதும் ஜெயதாஸ் பாய்ந்து அருகில் வந்தார்.

“எலே, பிள்ளை இருக்கானா இல்லியா? சொல்லுலே!” என்று அவருடைய சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

திடீரென்று சதாசிவன் வாய்விட்டுச் சிரித்தார்.

“கால்தான் ஒடிஞ்சிருக்கு. நேபாளப் பட்டாளக்காரங்க ரெண்டுபேரு சொமந்து எறக்கினாவளாம். அடுத்த தடவை மரச்சீனிக் கிழங்கு தின்னாத பயலாப் பாத்து அனுப்பணுமாம், இவன் அவ்வளவு கனமாம்!”

ஜெயதாஸ் மெல்ல பெஞ்சில் உட்கார்ந்து, தமது கைப்பேசியை நீட்டினார்.

“அவனுக்க அம்மை சுகிர்தபாய்கிட்ட நீயே சொல்லுலே. எனக்கு வாய் வரல்ல.”